பிரவுனி, கேக் மாதிரி காய்ந்து போனால்

பேக்கிங் பவுடர் சேர்த்து, 8 அங்குல டின்னில் 180 டிகிரியில் 40 நிமிடம் பிரவுனி சுட்டதா எழுதியிருந்தீங்க. அந்த டின்னுக்கு 40 நிமிடம் ரொம்ப அதிகம். அதனால்தான் உங்க பிரவுனி, கேக் மாதிரி காய்ஞ்சிருக்கு. அடுத்த முறை 22 நிமிடத்திலேயே திறந்து பாருங்க.

நடுவில் பல்குச்சி குத்தினா சுத்தமா வரக் கூடாது. ஈரத் துகள் நாலைந்து ஒட்டியிருக்கணும். அப்பவே வெளியே எடுத்திடுங்க, டின் சூட்டிலேயே மீதி இறுகிடும். முழுசா ஆறும்வரை தயவுசெய்து வெட்டாதீங்க. குச்சியில் மாவு வழிஞ்சா மட்டும் இன்னும் 3 நிமிடம்.

மைதா அளவிலும் எனக்குச் சந்தேகம் இருக்கு. கப்பை டப்பாவுக்குள் அழுத்தி அள்ளினா, 125 கிராம் இருக்க வேண்டியது 150ஐத் தாண்டிடும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்க. நீங்க சேர்த்த பேக்கிங் பவுடரையும் விட்டுடுங்க.

கண்ணாடிப் பாத்திரம்னா இந்த நேரக் கணக்கு பொருந்தாது. நடுப்பகுதி வேக இன்னும் நேரமாகும்.