பழுதாகி நின்ற வண்டியைச் சபை ஏலத்தில் விற்றுவிட்டது. நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது சுருக்கமாக இது: பழுதாகி டவுனில் நின்ற உங்கள் ஆட்டோவை, நீங்கள் கொழும்பில் வேலையில் இருந்த நேரம், பிரதேச சபை ‘கைவிடப்பட்ட வாகனம்’ என்று இழுத்துப்போய் ஏலத்தில் தள்ளிவிட்டது. விஷயம் தெரிந்து மூன்று வாரம். வண்டிப் புத்தகம் இன்னும் பழைய ஆளின் பெயரில்தான் இருக்கிறது.

முடியும். என் வண்டிக்கும் இதேதான் நடந்தது. எனக்குக் கிடைத்தது, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் உங்கள் கையில் இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதனால் என் கதைக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அரசு அலுவலகமோ உள்ளூராட்சி சபையோ செய்த அநியாயத்துக்கு அடிப்படை உரிமை மனு போடுவதென்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நம்மைப் போன்ற ஆட்களுக்கு அது லேசில் ஆகிற காரியமா? அதற்காகவே ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் 13ஆம் பிரிவு. கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுச் சும்மா வராதீர்கள். முறைப்பாட்டு இலக்கம், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள், பின்னால் நீதிமன்றம் அதைத்தான் கேட்கும். விஷயம் எந்த நாள் உங்களுக்குத் தெரிய வந்தது என்பதற்கும் ஓர் அத்தாட்சி வேண்டும். இன்னும் பொலிஸில் முறைப்பாடு போடவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள். ‘இது சிவில் விஷயம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். இருக்கட்டும், பதிந்து பிரதி தாருங்கள் என்று நில்லுங்கள்.

நான் அந்த ஒரு மாதத்தைச் சபை வாசலிலேயே தொலைத்தேன். கிளார்க் நல்ல மனிதர்தான். போகிறபோதெல்லாம் ‘மல்லி, ஹெட்ட என்ன’ என்பார். சிங்களத்தில் ‘தம்பி, நாளைக்கு வா’ என்று அர்த்தம். என் காதில் அது ‘என்ன?’ என்று கேட்பது போலவே விழும், நானும் முதலிலிருந்து கதையைச் சொல்லத் தொடங்குவேன்.

சரி, என் கதை. என்னிடம் இருந்தது டிமோ பட்டா என்கிற சிறிய லொறி. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றி இரவோடு இரவாகத் தம்புள்ளைச் சந்தைக்கு ஓடுவேன். 2022இல் டீசல் இல்லாமல் போனதே, அந்தச் சமயத்தில் கியர்பொக்ஸும் போனது. 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நின்றுவிட்டதால் பழைய வண்டியின் உதிரிப் பாகத்துக்குக்கூடத் தங்கத்தின் விலை சொன்னார்கள். டவுன் முனையில், தெரிந்த கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ரோட்டை ஒட்டிய வெறும் நிலத்தில் வண்டியை நிறுத்தினேன். பின் சில்லுகளுக்கு இரண்டு கல் அணை கொடுத்துவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலைக்குப் போனேன்.

2023 தீபாவளிக்கு வந்து பார்த்தால் இரண்டு கல்லும் இருக்கின்றன, வண்டி இல்லை. கல்லுக்கு நடுவில் புல் வெளிறிப் போய் நீள்சதுரமாகக் கிடந்தது. களவு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கடைக்காரர்தான் சொன்னார், ‘சபை ட்ரக்டர் வந்துச்சு தம்பி, டெங்கு பரவுதுன்னு சொல்லி ரோட்டுல கிடந்ததெல்லாம் அள்ளிட்டுப் போனாங்க’ என்று.

டெங்குக் காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ட்ரேயில் மழைத்தண்ணீர் நின்றிருக்கும். நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்கச் சொல்ல அதிகாரம் கொடுக்கும் சட்டம் 2007இலிருந்தே இருக்கிறது. ரோட்டுக்கு இடைஞ்சலாக நிற்பதை அகற்றவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அகற்றுவது வேறு, விற்பது வேறு. உங்கள் வழக்கு முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. என் வண்டிக்கு வருமான உத்தரவுப்பத்திரம் காலாவதியாகி இருந்தது, இன்சூரன்ஸும் இல்லை. அதைச் சொல்லித்தான் சபையில் என்னை வாயடைக்க வைத்தார்கள். பிறகு சட்ட உதவி ஆணைக்குழுவில் பார்த்த சட்டத்தரணி அம்மா சிரித்துவிட்டார். லைசன் கட்டாவிட்டால் தண்டம் கட்ட வேண்டியதுதான், அதற்காக வண்டி சபைக்குச் சொந்தமாகிவிடுமா என்று கேட்டார். (வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும். கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.)

அவர் சொன்ன இன்னொன்றை அப்படியே எழுதுகிறேன்: ‘தம்பி, வண்டி நல்ல வண்டின்னு எல்லா இடத்திலயும் கத்தாதீங்க. முதல்ல அவங்க ஃபைல எடுங்க.’

ஃபைலை எடுக்கிற வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கடிதம் வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ‘என் வண்டி எங்கே?’ என்று எழுதினால் இரண்டு வரிப் பதில்தான் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: அகற்றும்போது எழுதிய குறிப்பு, எடுத்த படம், உரிமையாளருக்கு அனுப்பிய அறிவித்தலும் தபால் பற்றுச்சீட்டும், விற்பதற்கு யார் அனுமதித்தார் என்ற கடிதம், ஏலப் பட்டியல், வாங்கியவர் பணம் கட்டிய பற்றுச்சீட்டு. கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் எழுதுங்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் அப்படி எழுதியதால்தான் தப்பினேன்.

கோப்பில் பதினொரு தாள். ஏலப் பட்டியலில் ‘பாவனைக்குதவாத தண்ணீர்த் தாங்கி 3’ என்பதற்கும் ‘இரும்புக் கட்டில் 1’ என்பதற்கும் நடுவில் ‘உடைந்த சிறிய லொறி 1’ என்று இருந்தது. அதுதான் என் வண்டி. பதிவு இலக்கத்துக்கும் செசி இலக்கத்துக்கும் கட்டம் போட்டு, இரண்டிலும் கோடு கிழித்திருந்தார்கள். நம்பர் தெரியாத லொறிக்கு என் முகவரிக்கு அறிவித்தல் மட்டும் எப்படி அனுப்பினார்களாம்? அனுப்பியிருந்தார்கள், அது உண்மை. பதிவுத் தபால் உறை கோப்பில் தைத்திருந்தது, பிரிக்கப்படாமலே. முகவரியில் என் பெயர், தோட்டத்தின் பெயர், மேல் பிரிவு, டவுன். அவ்வளவுதான். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இலக்கமே கிடையாது. தபால் தோட்ட ஆபீசுக்குக் கட்டாக வரும், அங்கிருந்து யார் கையிலாவது மேலே ஏறும். என் பெயரில் அந்தப் பிரிவில் மட்டும் மூன்று பேர் இருக்கிறோம். உறை மேலே சிங்களத்தில் ‘ஆள் இல்லை’ என்று பேனாவால் எழுதி, சபைக்கே திரும்பியிருந்தது.

திரும்பி வந்த நாளின் முத்திரையைப் பார்த்தேன். பட்டியலின் திகதியைப் பார்த்தேன். உறை திரும்பி வருவதற்கு நான்கு நாள் முன்பே வண்டி பட்டியலில் ஏறிவிட்டது. அறிவித்தல் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள அவர்கள் காத்திருக்கவே இல்லை. கைபேசியில் உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன், பிரதியும் கேட்டு வாங்கினேன். அறிவித்தலும் சிங்களத்தில் மட்டும்தான். நுவரெலியா மாவட்டம் இருமொழி நிர்வாகம் அறிவிக்கப்பட்ட இடம் என்பதைச் சட்டத்தரணி கோரிக்கைக் கடிதத்தில் தனிப் பந்தியாகவே போட்டார்.

இனி வழக்கு. சாதாரணமாக ஒருவர் செய்த நட்டத்துக்கு வழக்குப் போட இரண்டு வருடம் உண்டு என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சபைக்கு எதிராகப் போவதென்றால் முதலில் எழுத்தில் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அது போக, சபைகளுக்கான சட்டங்களிலேயே தனிக் கால எல்லை இருக்கிறது, அது மாதக் கணக்கு. சட்டத்தரணியிடம் போனதும் முதல் கேள்வியாக அந்தக் கடைசித் திகதியைக் கேட்டுக் கலண்டரில் குறித்துவிடுங்கள். எனக்கு அது முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது.

பேசித் தீர்க்கலாம் என்று நானும் பார்த்தேன். ஆனால் 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம். ‘உள்ளூராட்சி ஆணையாளர் எழுத்தில் தந்தால்தான் நான் ஒரு சதம் கொடுக்க முடியும்’ என்றார் அவர். பொய் சொல்லவில்லை, சபைப் பணத்தை ஒருவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியாதுதான். ஆனால் அந்தக் கடிதத்தை அவர் கேட்டு எழுதவும் இல்லை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு புதுச் சபை வந்துதான் இணக்கத்துக்கு இறங்கினார்கள்.

பணம் எவ்வளவு என்பதில்தான் நான் சறுக்கினேன். அன்றைய சந்தை விலையோடு இரண்டு வருட ஓட்ட வருமானத்தையும் சேர்த்துக் கேட்டேன். கியர்பொக்ஸ் இல்லாமல் நின்ற வண்டி எப்படித் தம்புள்ளைக்கு ஓடியிருக்கும் என்று மறுபக்கத்துச் சட்டத்தரணி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர்களோ பழைய இரும்பு விலைதான் தருவோம் என்று நின்றார்கள். ஆனால் தாங்கி, கட்டில், வண்டி எல்லாவற்றையும் ஒரே கட்டாக ஒரே விலைக்கு விற்றிருந்ததால், அதில் வண்டிக்கு எவ்வளவு என்று அவர்களாலும் காட்ட முடியவில்லை. கடைசியில் விற்ற நாளில் அந்த வண்டி திருத்திய நிலையில் என்ன விலை போகும், அதில் திருத்தச் செலவைக் கழி என்ற கணக்குக்கு வந்தோம். கராஜ் பாஸ் பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தந்தார், மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் விலை வாங்கினோம். எல்லாவற்றையும்விட உதவியது ஓர் ஆயுத பூஜைப் படம். மாலை போட்டு, சந்தனம் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்த துண்டுகளோடு வண்டி நிற்கிறது. பம்பர், டயர், நம்பர் எல்லாம் தெளிவாகத் தெரியும். பதினொரு இலட்சம் கேட்டேன், ஆறரை கிடைத்தது, இரண்டு காசோலையாக.

உங்கள் விஷயத்தில் எனக்கு இல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓபன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, வாங்கி வைத்திருக்கிறீர்கள். சபை பழைய உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பியிருந்தால், ‘பதிவில் இருந்தவருக்குச் சொல்லிவிட்டோம்’ என்று தப்பப் பார்ப்பார்கள். முதல் வேலையாக அந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள். எப்போது விற்றார், எவ்வளவுக்கு, தனக்கு ஏதாவது கடிதம் வந்ததா இல்லையா என்று சத்தியக் கடதாசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்துப் போட்ட மாற்றல் படிவம் உங்களிடம் இருந்தால் அதைக் கண்ணைப் போலக் காப்பாற்றுங்கள். அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள், சபை கேட்டாலும் பிரதிதான். லீசிங் மீதி இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் உடனே எழுத்தில் அறிவித்துவிடுங்கள், பதிவில் முழு உரிமையாளர் அவர்கள்தான். சில வேளை அவர்களின் கடிதம் ஒன்று போனாலே சபை நிமிர்ந்து உட்காரும்.

ஏலத்தில் வாங்கியவர் ஆட்டோவை இன்னும் வெட்டவில்லை என்று தெரிந்தால் நஷ்டஈட்டை விட்டுவிட்டு முதலில் வண்டியைப் பாருங்கள். அதை மாற்றவோ விற்கவோ கூடாது என்று நீதிமன்றத் தடை கேட்க முடியுமா என்று அன்றைக்கே சட்டத்தரணியிடம் கேளுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. நான் தேடிப் போனபோது இரும்புக் கடையில் கெபின் கதவு ஒன்று மட்டும் சாய்த்து வைத்திருந்தது, அதில் என் மகள் ஒட்டிய ஸ்டிக்கர்.

பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடந்ததை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்துவிடுங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் இணைத்து. ஏட்டில் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வண்டி வெட்டப்பட்டாலும் நம்பர் தட்டும் செசி இலக்கம் அடித்த துண்டும் எங்கேயாவது கைமாறும். நாளைக்கு வேறொரு வண்டியில் அந்த நம்பர் மாட்டி ஒரு விபத்து நடந்தால், பொலிஸ் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயர் இருக்கிறவரைத்தான். உங்கள் விஷயத்தில் அது அந்தப் பழைய ஆள். சத்தியக் கடதாசி கேட்கப் போகும்போது இதையும் சொல்லுங்கள், கையெழுத்துப் போட யோசிக்க மாட்டார்.