கேமரா சரியில்லை என்று வழக்குப் போடலாமா?

கேள்வி: ஒன்றரை மாதத்துக்கு முன் வீட்டில் நான்கு கேமரா பொருத்தினோம். முதல் நாளிலிருந்தே இரவில் படம் மங்கல், ஒலியில் ஓயாத இரைச்சல். மூன்று முறை ஆள் வந்து பார்த்தார். "இது இப்படித்தான் இருக்கும்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளுக்கு முன் வாசலில் நின்ற பைக் திருடு போனது. பதிவில் இரண்டு பேர் வருவது தெரிகிறது, முகம் தெரியவில்லை; பேசுவதும் புரியவில்லை. அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் போலீசுக்கு அனுப்பினோம், உபயோகமில்லை என்றார்கள். அக்கா மகன் ஒரு ஆப்பில் போட்டு முகத்தைத் தெளிவாக்கினான். பக்கத்துத் தெருப் பையன் மாதிரியே இருக்கிறது. விற்றவர்மேல் வழக்குப் போட்டு பைக்கின் விலையையும் சேர்த்து வாங்க முடியுமா? கேமரா பதிவு சேரும் பெட்டியான டி.வி.ஆரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: டி.வி.ஆரைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விற்றவர் அலட்சியமாகப் பேசியது, மூன்று முறை அலைக்கழித்தது எல்லாம் உங்களுக்கு வேதனைதான். ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது. பைக்கின் விலையையும் மறந்துவிடுங்கள். திருடியது அவர் இல்லை. மங்கலான கேமராவுக்கும் போன வண்டிக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றம் தூரத்துத் தொடர்பாகத்தான் பார்க்கும். அப்படிப்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு கிடையாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவே சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் சட்டப்படி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. திருட்டு வழக்கில் அந்தப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்க வேண்டுமானால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த சான்றிதழ்தான், 1.7.2024 முதல் இரண்டு பகுதியாகிவிட்டது. முதல் பகுதியில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். அந்தக் காலகட்டத்தில் சாதனம் ஒழுங்காக இயங்கியது என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர்மேல் வழக்குப் போட்டால், அதே சாதனம் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக இயங்கவில்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் பிரமாண வாக்குமூலம் கொடுக்கப் போகிறீர்கள். இரண்டிலும் உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து.

இந்தக் குழியில் கட்சிக்காரர்கள் விழுந்து பார்த்திருக்கிறேன். ஆணையத்தில் கொடுத்த புகாரின் நகலை திருட்டு வழக்கின் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டுவார். "இந்த கேமராவில் யார் முகமும் அடையாளம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, இது உங்கள் கையெழுத்துதானே?" ஆமாம் என்றால் அடையாளம் போயிற்று. இல்லை என்றால் நம்பகத்தன்மை போயிற்று. கூண்டில் நிற்பவர் முகம் வெளுப்பதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. படம் மங்கலாக இருப்பது வேறு, சாதனம் பழுதாக இருப்பது வேறு. தேதியும் நேரமும் சரியாக ஓடி, பதிவு இடைவெளி இல்லாமல் இருந்தால், தெளிவு குறைவான படமும் சாட்சியம்தான். ஆட்கள் வந்த நேரம், உடல்வாகு, நடை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போன திசை எல்லாம் பேசும். பழுது இருந்தாலும் அது பதிவைப் பாதிக்கவில்லை என்று காட்டச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த இடத்தை நீங்களே எழுதி அடைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஒலியை விட்டுவிடுங்கள். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், வேறு சத்தத்தில் அமுங்கியிருக்கக் கூடாது என்று 1985-இலேயே ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் இரைச்சல் அந்தப் பரீட்சையில் தேறாது.

அக்கா மகன் செய்த காரியம்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. அந்த மாதிரி ஆப் முகத்தைத் துடைத்துக் காட்டுவதில்லை. இல்லாத புள்ளிகளைத் தானே ஊகித்து நிரப்புகிறது. உங்களுக்குத் தெரிந்த பையன் மாதிரி இருப்பது மென்பொருள் வரைந்த முகமாக இருக்கலாம். அதை நம்பி ஒரு பெயரைச் சொன்னால், ஒன்றும் அறியாத பிள்ளை ஸ்டேஷன் வாசலில் நிற்பான். அவதூறு வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். தெளிவாக்க வேண்டும் என்றால் மூலப் பதிவிலிருந்து தடய அறிவியல் கூடம் செய்யட்டும்.

இன்னொன்று, போலீஸ் பார்த்தது வாட்ஸ்அப்பில் சுருங்கிய நகல். நீங்கள் பார்த்தது அநேகமாக மொபைல் ஆப்பில். மொபைலுக்கு வருவது பெரும்பாலும் தரம் குறைத்த இன்னொரு வடிவம். ஹார்டு டிஸ்கில் இருப்பது அதைவிட நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. டி.வி.ஆரை மானிட்டரில் இணைத்து இதுவரை யாராவது பார்த்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். பத்து நாள் போய்விட்டது. இன்றே பதிவை நிறுத்துங்கள். விற்றவரின் ஆள் "ரீசெட் செய்கிறேன்" என்று வந்தால் தொடவிடாதீர்கள்; ஃபார்மேட் செய்ய அவருக்கு ஒரு நிமிடம் போதும். டி.வி.ஆரை விசாரணை அதிகாரியிடம் மகஜர் (ஒப்படைத்ததற்கான எழுத்துப் பதிவு) போட்டு ஒப்படைத்து நகல் வாங்குங்கள். மூலச் சாதனமே நீதிமன்றத்துக்கு வந்து, உரிமையாளர் நீங்கள் சாட்சி சொன்னால் சான்றிதழே தேவையில்லை என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

சரி, விற்றவர்? அவரோடு சமாதானமாகப் போங்கள். நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. போட்டாலும் பழுதைக் காட்டப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம். அதுவோ போலீஸ் வசம் இருக்கும். புது டி.வி.ஆர், வாசலுக்கு இரவில் தெளிவாகத் தெரியும் கேமரா, மைக்குக்குத் தனி அடாப்டர், மின் கம்பியோடு ஒட்டி ஓடாத ஒயர் ஆகியவற்றைக் கேளுங்கள். நான் பார்த்தவரை இரைச்சல் பாதிக்கு மேல் அந்த அடாப்டரிலும் ஒயரிலும்தான் இருக்கும். அவர் பாதி விலை கேட்டாலும் கொடுத்து முடியுங்கள். அவருக்கு எழுதும் கடிதத்தில் "பில்லில் உள்ள மாடலுக்குரிய இரவுத் தெளிவு இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். யாரையும் அடையாளம் காண முடியவில்லை என்ற வரி அதில் வேண்டாம். அனுப்பும் முன் திருட்டு வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.