மாடியில் உள்ள பிரிண்டர் கீழ்த்தளக் கணினியில் தெரியவில்லை. கோப்புகளையும் பிரிண்டரையும் வீடு முழுவதும் எப்படிப் பகிர்வது?

மாடிக் கணினியில் தெரியும் பிரிண்டர் கீழே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்தே, உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். நாங்கள் ஓராண்டுக்கு மேல் பட்ட பாடு இதுதான்.

என் தந்தை பத்திர எழுத்தர்; தஞ்சாவூரில் எங்கள் வீட்டின் முன்னறையே அவருடைய அலுவலகம். பிரிண்டர் மாடியில் என் அறையில் இருந்தது. அதைக் கீழே இறக்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முன்னறையில் இடமில்லை, என் வேலைக்கும் அது நாள்தோறும் தேவை. எனவே அப்பா வரைவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மூட்டுவலியோடு படியேறி வருவார். ஒருநாள் பென்டிரைவில் கிடந்த பழைய வரைவு, நான்கெல்லை திருத்தப்படாமலே முத்திரைத்தாளில் அச்சாகிவிட்டது. தாளின் விலை பெரிதில்லை. கட்சிக்காரர் முன்னால் அவர் தலைகுனிந்து நின்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அழைத்து வந்த பழுதுபார்ப்பவர் வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தார், பகிர்வுக்கான கடவுச்சொல்லை நீக்கினார், கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய நெறிமுறையை இயக்கினார். அப்படியும் நடக்காததால் புதிய பிரிண்டர் வாங்கச் சொல்லிக் கூலியும் பெற்றுக்கொண்டார். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல், அந்த எஸ்.எம்.பி. 1-இன் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. ஊராருடைய சொத்து ஆவணங்கள் உள்ள கணினியில் அதைத் திறந்துவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொரு கருவியையும் வலையமைப்பில் அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியைத் தாளில் எழுதினேன். கீழ்க்கணினி 192.168.1.5, மாடிக்கணினியும் பிரிண்டரும் 192.168.0 என்று தொடங்கின. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று நான் வாங்கி வைத்த இரண்டாவது ரவுட்டர், தனக்கென ஒரு தனி வலையமைப்பையே உருவாக்கியிருந்தது. அத்தகைய அமைப்பில் மேலிருந்து கீழே உள்ள கணினியை எட்ட முடியும். கீழிருந்து மேலே போக வழி இருக்காது. இணையம் இரு தளங்களிலும் ஒழுங்காகக் கிடைத்ததால் எங்களுக்கு ஐயமே எழவில்லை.

மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் அதன் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்தி, கீழிருந்து வரும் கம்பியை, இணையம் உள்ளே வருவதற்கான வான் (WAN) துளையிலிருந்து பிடுங்கி, வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் செருகினேன். அதன்பின் எல்லாக் கருவிகளுக்கும் கீழ் ரவுட்டரே முகவரி வழங்கியது. பிரிண்டரின் முகவரி நாளுக்கு நாள் மாறாமலிருக்க, கீழ் ரவுட்டரிலேயே அதற்கு 192.168.1.50 என்று ஒதுக்கி, இரு கணினிகளிலும் அந்த முகவரியைக் கொடுத்து நேரடியாகச் சேர்த்தேன். ஒரு கணினி வழியாகப் பகிர்ந்தால் அந்தக் கணினி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மேலும் 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் புதுப்பிப்புகளுக்குப் பின், அப்படிப் பகிரப்பட்ட பிரிண்டர்கள் பல இடங்களில் முடங்கின.

பழுதுபார்ப்பவர் மாற்றியவற்றை எல்லாம் பழையபடி திருப்பிவிட்டு, இரு கணினிகளிலும் வலையமைப்பை ‘பிரைவேட்’, அதாவது நம்பகமான வீட்டு வலையமைப்பு, என்று குறித்தேன். கோப்புகளைப் பொறுத்தவரை, அப்பாவின் கணினியில் வரைவுகள் உள்ள ஒரே ஒரு கோப்புறையை, தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துப் பகிர்ந்தோம். திரையைத் திறக்கும் பின் (PIN) எண் இங்கே செல்லாது, கடவுச்சொல்லே வேண்டும். வீட்டுக் கணினிகளிடையே பகிர விண்டோஸில் இருந்த ஹோம்குரூப் வசதியை அமைக்கச் சொல்லும் பழைய காணொளிகளை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். 2018-இலேயே விண்டோஸ் 10-இலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். கூகுள் டிரைவ் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதுபவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். பிறர் நம்பி ஒப்படைத்த பத்திரங்களை வீட்டுக்கு வெளியே அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை.

இப்போது அவர் கீழிருந்தே அச்சுக்கு அனுப்புகிறார்; முத்திரைத்தாளைப் பிரிண்டரில் வைத்து, அச்சானதும் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நீங்கள் முதலில் இரு கணினிகளின் முகவரிகளையும் பாருங்கள். மூன்றாவது எண் வேறுபட்டால் நான் சொன்னபடி கம்பியை மாற்றுங்கள். ஒன்றாகவே இருந்தால் பிரிண்டரோ கீழ்க்கணினியோ ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.