லைப்ரரி இருந்தும் ‘இல்லை’ என்னும் கன்ஃபிகர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) கட்டளை நன்றாக இயங்குகிறது, நிரலைக் கம்பைல் செய்ய ஆயத்தப்படுத்தும் சிமேக் மட்டும் அந்த லைப்ரரியைக் காணோம் என்கிறது. ஏன்?

பதில்: நிரல் இயங்குவதற்கு வேண்டிய லைப்ரரி கோப்பு வேறு, கம்பைல் செய்வதற்கு வேண்டிய, லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்புகள் வேறு. டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் ஹெடர்கள் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. ஃபெடோராவில் அதன் பெயர் ‘ஓபன்எஸ்எஸ்எல்-டெவெல்’. அதை நிறுவினால் போதும்.

கேள்வி: ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கிய கன்ஃபிகர் (கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்), பிஎன்ஜி படங்களைக் கையாளும் லிப்பிஎன்ஜி இல்லை என்கிறது. நானே கம்பைல் செய்த ஸ்டாட்டிக் லைப்ரரி (நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படும் வகை), லிங்கர் (நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் கருவி) தேடும் அடைவிலேயே இருக்கிறது.

பதில்: கன்ஃபிகர் பெரும்பாலும் கோப்பைத் தேடுவதில்லை. ‘கான்ஃப்டெஸ்ட்.சி’ என்றொரு சிறு நிரலை எழுதி, அதை லைப்ரரியோடு லிங்க் செய்து பார்க்கிறது. அந்த முயற்சி எக்காரணத்தால் தோற்றாலும் திரையில் வருவது ‘நோ’ என்ற ஒரே சொல்தான். ஆகவே ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து, அந்தச் சோதனைக்குக் கீழே கம்பைலரும் லிங்கரும் சொன்னதைப் படியுங்கள். (அதைத் திறந்தே பார்க்காமல் லைப்ரரியைத் திரும்பத் திரும்ப நிறுவுபவர்கள்தான் அதிகம்.) ‘இன்ஃப்ளேட்’ போன்ற ஃபங்ஷன்களுக்கு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (வரையறை கிடைக்கவில்லை) என்ற வரி அங்கே இருக்கக்கூடும். லிப்பிஎன்ஜி, ‘இன்ஃப்ளேட்’ உள்ள சுருக்கல் லைப்ரரியான இசட்லிப்பை நம்பியிருக்கிறது; நிரல் இயங்கும்போது ஏற்றப்படும் ஷேர்டு லைப்ரரி தனக்கு வேண்டிய பிற லைப்ரரிகளின் பெயர்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும், ஸ்டாட்டிக் லைப்ரரியில் அந்தக் குறிப்பு கிடையாது. கன்ஃபிகரை இயக்கும்போது ‘லிப்ஸ்’ மாறியில் ‘-எல்இசட் -எல்எம்’ (-lz -lm: இசட்லிப்பும் கணித லைப்ரரியும்) என்று கொடுத்தால் சோதனை தேறிவிடும்.

கேள்வி: புதிய பதிப்பை ‘ஆப்ட்’ (/opt) அடைவில் நிறுவிய பிறகும் சிமேக் பழையதையே எடுக்கிறது.

பதில்: முதல் தேடலில் கிடைத்த பாதையைச் சிமேக் தன் கேஷில் (முந்தைய முடிவுகளைச் சேமிக்கும் கோப்பில்) எழுதிவைத்துக்கொள்கிறது. கிடைக்காத லைப்ரரியை அடுத்த முறை மீண்டும் தேடும். கிடைத்துவிட்டதை மறுபடி தேடாது. கம்பைல் செய்து பார்க்கும் ‘செக்’ வகைச் சோதனைகளிலோ தோல்வியும் கேஷில் தங்கிவிடும், இதுதான் பலரைக் குழப்புகிறது. பழைய கேஷை நீக்கித் தொடங்க, சிமேக் 3.24 முதல் உள்ள ‘--ஃப்ரெஷ்’ தெரிவோடு இயக்குங்கள். எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ‘சிமேக்_பிரிஃபிக்ஸ்_பாத்’ மாறியில் ‘லிப்’ அடைவைத் தராமல், அதற்கு மேலுள்ள அடைவைத் தர வேண்டும்.

கேள்வி: ராஸ்பெரி பைக்காக என் கணினியில் கிராஸ்-கம்பைல் (வேறு கணினியில் இயங்க வேண்டிய நிரலை இங்கே கம்பைல்) செய்தால், லைப்ரரிகளின் இருப்பிடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என் கணினியின் லைப்ரரிகளையே காட்டுகிறது.

பதில்: ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’ வழக்கமான தேடல் அடைவுகளோடு கூடுதலாகச் சேருமே தவிர அவற்றை நீக்காது, ‘பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்’ அவற்றுக்குப் பதிலாகவே அமையும். இரண்டாவதைப் பயன்படுத்தி, கூடவே ‘பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர்’ மாறியில் பையின் சிஸ்ரூட்டை (பைக்கான கோப்புகள் உள்ள அடைவை) குறிப்பிடுங்கள்.