பெரிய டயர் போட்ட ஜீப்புக்கு பவர் ஸ்டியரிங் தேவையா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். வண்டி, பழைய மஹிந்திரா எம்எம் 540 ஃபோர் வீல் டிரைவ் ஜீப். தோட்டத்துப் பாதைக்காக ஷேக்கிளை (ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் துண்டு) நீட்டி வண்டியைத் தூக்கி, 31 இன்ச் டயர் போட்டேன். அன்றிலிருந்து கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கினால் வண்டி இடமும் வலமும் அலைகிறது. ஐம்பது, அறுபதில் போகும்போது பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் உதறுகின்றன. 45,000 ரூபாய்க்கு பவர் ஸ்டியரிங் கிட் போட்டுத் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். எஃப்.சி.யையும் (தகுதிச் சான்று) அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். போடலாமா?

பதில்: அந்த 45,000 ரூபாய் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் சொன்னதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன: கனம், அலைச்சல், உதறல். பவர் ஸ்டியரிங் தீர்ப்பது முதலாவதை மட்டும்தான். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் உங்கள் கைக்கு எட்டாது. இன்று டை ராட் எண்ட் (முன்சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பியின் மூட்டு) தேய்ந்தால் ஸ்டியரிங் வீலில் ஆட்டம் தெரிகிறது, பயந்து வேகத்தைக் குறைக்கிறீர்கள். எண்ணெய் அழுத்தம் அந்த ஆட்டத்தை அமுக்கிவிட்டால், அது கழன்று விழும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

முதலில் கனம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்த ஜீப் பிறந்தது 6.00-16 டயரோடு. அதாவது 6 அங்குல அகலம். நீங்கள் போட்டிருக்கும் 31 இன்ச் டயரின் அகலம் பெரும்பாலும் பத்தரை அங்குலம். அதற்கென்று வாங்கிய ரிம்மும் சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளி நிறுத்தும். சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு ஒரு இடத்தில், டயர் தரையைத் தொடுவது அதற்கு வெளியே இன்னோர் இடத்தில் என்று ஆனால், ஒவ்வொரு திருப்பலிலும் டயரைத் தரையில் தேய்த்து இழுக்கிறீர்கள். தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

அலைச்சலுக்குக் காரணம் அந்த நீட்டிய ஷேக்கிள். முன்சக்கரம் திரும்பும் கிங் பின் செங்குத்தாக நிற்காது. மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். காஸ்டர் என்பது இதைத்தான். மூதாதையான அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து இந்த ஜாதி ஜீப்புகளுக்கு இது 3 டிகிரி. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இந்தச் சாய்வால்தான். ஷேக்கிளை நீட்டியதும் ஸ்பிரிங் பட்டை சாய்ந்தது, அதோடு அச்சும் சுழன்று சாய்வைத் தின்றுவிட்டது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் இழுவையைக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கும் முன்பைவிடச் செங்குத்தாகிவிட்டது. சக்கரம் மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஸ்டியரிங்கை வெட்டி இழுக்கும். ஷேக்கிளைக் கழற்றிவிட்டுப் பழைய நீளத்துக்கே போவதுதான் நான் சொல்லும் வழி. தூக்கியே தீர வேண்டும் என்றால், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துக் காஸ்டரை மீட்கலாம். அதையும் அளந்துதான் வைக்க வேண்டும். அதிகமானால், முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டுக் கோணம் கெட்டு, அங்கே புது வேலை ஆரம்பமாகும்.

உதறலுக்கு வருவோம். இதற்குப் பணம் வேண்டாம், ஒரு துணையாள் போதும். என்ஜினை நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, அவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கையால் பிடித்துப் பாருங்கள்: டிராப் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து நீட்டி நிற்கும் கை), டிராக் லிங்க்கின் இரண்டு முனை, டை ராட் எண்டுகள், பெல் கிராங்க் (இழுவையின் திசையை மாற்றும் நெம்புகோல்) இருக்கும் வண்டி என்றால் அதன் பின். ஒரு பக்கம் அசைந்து அடுத்த பக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு முடிந்தது. ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பாக்ஸே அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சேஸிஸ் கீறல் விட்டிருக்கும்.

அப்புறம் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் துணையாளை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின் பேரிங். நான் பார்த்தவரை, உதறும் ஜீப்பில் பாதிக்கு மேல் கிங் பின்தான். டயர் பேலன்ஸ் செய்தேன், ஸ்டியரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டினேன் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். டேம்பர் உதறலைத் தீர்க்காது, மறைக்கும்.

கிங் பின் பேரிங்கை மாற்றும்போது ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். பல பட்டறைகளில் 'கைக்கு டைட்டா இருக்கு, போதும்' என்று முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். தோட்டத்தில் காப்பிப் பழம் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை எடுத்துப் போங்கள். டை ராடைக் கழற்றி, உட்பக்க எண்ணெய் சீலையும் கழற்றி வைத்துவிட்டு, டை ராட் மாட்டும் ஓட்டையில் தராசுக் கொக்கியைப் போட்டு இழுங்கள். அந்த மூட்டைத் திருப்ப 5.5 முதல் 7 கிலோ வரை காட்ட வேண்டும். ரொம்பக் குறைந்தால் உதறும், ரொம்பக் கூடினால் நீங்கள் சொல்லும் அதே கனம். கனத்துக்கும் உதறலுக்கும் ஒரே இடத்தில் மருந்து என்பதைக் கவனியுங்கள். கிரீஸ் காணாத பேரிங் இந்த இரண்டையுமே கொடுக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் டோ-இன், அதாவது முன்சக்கரம் இரண்டும் முன்பக்கத்தில் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு, பாருங்கள். 1 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும். டயர் காற்றையும் பாருங்கள், தோட்டத்தில் இறக்கியதை ரோட்டுக்கு வரும்போது ஏற்றாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். டயருக்கு என் யோசனை, ரேடியல்தான் வேண்டும் என்றால் 235/75 ஆர் 15. உயரம் பழைய 6.00-16 அளவுக்கே வந்துவிடும், அகலம் ஒன்பதே கால் அங்குலத்தோடு நிற்கும். பழைய ஒல்லி டயருக்கே திரும்பினாலும் நஷ்டமில்லை. நம் மலைச் சேற்றில் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். வீடியோவில் பார்க்க அகல டயர் அழகாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

இப்போது அந்தக் கிட். கிட் என்றால் ஒரே கம்பெனி, ஒரே வண்டிக்காக அளந்து செய்த பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் விலைக்கு வருவது பெரும்பாலும் காயலான் கடையில் கிடைத்த ஏதோ ஒரு வண்டியின் பாக்ஸ், இன்னொரு வண்டியின் பம்ப், மூன்றாவது வண்டியின் ஸ்டியரிங் ஷாஃப்ட். வண்டிக்கு வண்டி பாக்ஸ் உட்காரும் இடம் வேறு. சிலதில் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும், சிலதில் குறுக்கே ஆடும். பொருந்தாத பாக்ஸைக் கட்டினால் வலது ஒடித்தால் வண்டி இடது திரும்பும். அதைச் சமாளிக்கப் பாக்ஸைத் தலைகீழாகத் திருப்பி வெல்டிங் வைத்துத் தந்த வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது.

மூன்று காரியங்களை யார் செய்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஒன்று, டிராப் ஆர்மையோ டிராக் லிங்க்கையோ காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைப்பது. அவை அடித்து, பதம் ஏற்றிச் செய்த இரும்பு. சூடு காட்டினால் பதம் போய்விடும். பார்க்க ஒன்றும் தெரியாது, பாறையில் முட்டும்போது தெரியும். இரண்டு, ஸ்டியரிங் ஷாஃப்ட்டை அறுத்து நடுவில் பைப் சொருகி வெல்டு வைப்பது. அங்கே பல் வெட்டிய கிராஸ் ஜாயின்ட்தான் வர வேண்டும். மூன்று, பிரஷர் ஹோஸைச் சாதாரண ரப்பர் குழாயில் கிளிப் போட்டு முடிப்பது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்திருக்கும்போது பம்பின் அழுத்தம் 80, 100 பார் வரை போகும். உங்கள் டயர் காற்று 2 பார்கூட இல்லை. குழாய் பிய்த்துக்கொண்டு எண்ணெய் சூடான சைலன்சர் மேல் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் பிரஸ் செய்த முனையோடு போட்டால் சில நூறு ரூபாய்தான் கூடும். அதையும் மிச்சம் பிடிப்பவரிடம் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸுக்கு வலுத்தகடு வைத்தாயா என்று கேட்டு என்ன பயன்?

சின்னக் கார்களில் இருந்து கழற்றிய எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கைக் குறைந்த விலைக்கு மாட்டலாம் என்றும் ஒருவர் வருவார். அந்த மோட்டார் தன் காரின் கணினியிலிருந்து வேகத் தகவலை எதிர்பார்க்கும். உங்கள் வண்டியில் கணினி ஏது? திரும்பும்போது அது இழுக்கும் கரண்டைப் பழைய ஆல்டர்னேட்டர் தாங்குவதும் சந்தேகம். வேண்டாம்.

மலையில் இருப்பவர் என்பதால் இன்னொன்று. இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருந்தால், பவர் ஸ்டியரிங் போடும் அன்றே அதை விட்டுவிட வேண்டும். என்ஜின் நின்றால் பம்ப் நின்றது. பவர் பாக்ஸ் குறைந்த சுற்றில் திரும்பும்படி செய்தது. எண்ணெய் அழுத்தம் இல்லாவிட்டால் இப்போது இருப்பதைவிடக் கனக்கும். பட்டிவீரன்பட்டி இறக்கத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எஃப்.சி. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மாற்றம் செய்தவரைத் தேடி வர மாட்டார்கள், உரிமையாளரைத்தான் கேட்பார்கள். புரோக்கர் எஃப்.சி. அன்றைக்குப் பழைய டயர் நான்கை வாடகைக்கு மாட்டி, சாயங்காலம் கழற்றிவிடுவார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் வரும் நாளில் அவர் போன் எடுக்க மாட்டார்.

சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறதே, சோதனையும் அப்படி இருக்கிறதா? இண்டிகேட்டர் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரை நான் கண்டதில்லை. கிங் பின் செத்த வண்டி சிரித்துக்கொண்டே வெளியே வரும். ஒழுங்காக வேலை செய்து, பில் வைத்து, முறைப்படி அனுமதி கேட்டுப் போகிறவரை மட்டும் மேஜை மேஜையாக அலைய விடுவார்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மாடலிலேயே கம்பெனி பவர் ஸ்டியரிங்கோடு ஒரு ரகம் விற்றிருந்தால், அந்த ரகத்தின் முழு செட்டைப் போடுவதை நான் எதிர்க்க மாட்டேன். முழு செட் என்றால் பாக்ஸ், பம்ப், பம்ப் பிராக்கெட், புல்லி, ஸ்டியரிங் காலம் (வீலைத் தாங்கும் தண்டு), டிராப் ஆர்ம், ஹோஸ் எல்லாமே. பாக்ஸ் மட்டும் அதிலிருந்து, மற்றதெல்லாம் கிடைத்த இடத்திலிருந்து என்றால் அது மறுபடியும் காயலான் கடைக் கிட்தான். மாடல் என்பதும் பெயர் மட்டும் அல்ல. மஹிந்திராவின் முதல் தலைமுறை 'தார்' ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிஐ ரகத்தில் பவர் ஸ்டியரிங் இல்லை, சிஆர்டிஇ ரகத்தில் உண்டு. 'அதே தார்தானே' என்பார்கள். என்ஜின் வேறு, அதனால் பம்ப் உட்காரும் இடம் வேறு. பிராக்கெட்டை லேத்தில் செய்ய ஆரம்பித்ததும் விதிவிலக்கு முடிந்துவிடுகிறது. எல்லாம் பொருந்துகிறது, சேஸிஸில் ஓர் ஓட்டைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை என்றால் மட்டுமே அது விதிவிலக்கு. அப்போதும் பார்ட் நம்பர் போட்ட பில்லை வைத்துக்கொள்ளுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக 'ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்' என்பது பதில் ஆகாது.

சரி, உங்கள் வேலை வரிசை இது. கிங் பின், டை ராட் எண்டுகள், பாக்ஸ் போல்ட். பிறகு ஷேக்கிளைப் பழைய நீளத்துக்குக் கொண்டு வருவது. பிறகு டயர். கடைசியில் அலைன்மெண்ட். வரிசையை மாற்றி முதலில் அலைன்மெண்ட் செய்தால் அந்தக் காசு வீண். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றினார்களா என்று அப்போதுதான் தெரியும். வண்டியை எடுக்கும் முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயர், ஸ்பிரிங் பட்டையிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கனமாகவே இருந்தால் மறுபடி எழுதுங்கள். தராசு எத்தனை கிலோ காட்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.