ஊதிப்போன கிச்சன் ஸ்கர்டிங்: கழற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. 2025 ஜனவரியில் 4,20,000 ரூபாய்க்கு மாடுலர் கிச்சன் போட்டிருக்கிறார். கீழ் கேபினட்டுகளின் காலை மறைக்கும் 4 அங்குல ஸ்கர்டிங்குக்குக் கொட்டேஷனில் '710 கிரேடு பிளைவுட், மேலே லேமினேட்' என்று போட்டிருக்கிறார்கள். ஆறே மாதத்தில் சிங்க் பக்கம் அது ஊதி, லேமினேட் உரிந்து, உள்ளே தூள் தூளாக உதிர்கிறது. பார்க்க வந்த கம்பெனி ஆள், "தண்ணி ஊத்திக் கழுவினா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உறவினர் முன் பட்ட அவமானம், மாமியார் பேசிய பேச்சு, போனில் மேனேஜர் காட்டிய அலட்சியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 லட்சம் கேட்கலாமா என்கிறார். 25,000 ரூபாய் பாக்கியை நிறுத்தி வைத்திருக்கிறார். வரும் ஞாயிறு வேறு கார்ப்பெண்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறார்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துங்கள்.

நான்கு பக்கத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே வரிதான்: கொட்டேஷனில் எழுதியிருப்பது பிளைவுட், உதிர்வது தூள். பிளைவுட் கெட்டுப்போனால் அடுக்கடுக்காகப் பிரியும், தூளாகாது. தூளாவது எம்டிஎஃப் அல்லது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மர நாரையோ மரத்தூளையோ பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. உங்கள் கொட்டேஷனில் உள்ள 710, அதாவது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர அளவுப்படியான பிளைவுட் என்பது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது என்று சோதிக்கப்படும் சரக்கு. தரை கழுவுகிற தண்ணீருக்கு ஆறு மாதத்தில் அது இந்த நிலைக்கு வராது.

ஆகவே கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீசில் 'ஸ்கர்டிங் ஊதிவிட்டது' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் சண்டை தண்ணீரைப் பற்றியதாக மாறிவிடும். எவ்வளவு ஊற்றினீர்கள், சிங்க் குழாய் கசிந்ததா, வாரண்டியில் நீர்ச்சேதம் சேருமா என்று ஒரு வருடம் போகும். 'சொன்ன பொருளைப் போடவில்லை' என்று எழுதுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறைபாடு என்பதற்குள் ஒப்பந்தத்தில் சொன்ன தரம் இல்லாமல் போவதும் அடங்கும். வாரண்டி விதிவிலக்கு இதிலிருந்து அவர்களைக் காப்பாற்றாது.

மாமியார், மேனேஜர், உறவினர் மூவரையும் மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்கர்டிங்குக்கு 10 லட்சம் என்று போட்டால், நியாயமான மீதிக் கோரிக்கையையும் நுகர்வோர் ஆணையம் சந்தேகத்தோடுதான் படிக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என்னிடம் வழக்குக்காக வந்த வளசரவாக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர், ஏறக்குறைய இதே பிரச்சினை. மாற்றுப் பொருள் போட்டது கண்ணுக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று பழைய பலகை எல்லாவற்றையும் பிடுங்கி, போகியன்று தெருவில் எரித்துவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் வந்தார். கையில் இருந்தது தூரத்திலிருந்து எடுத்த மூன்று போட்டோ. எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: 'அது நாங்கள் போட்ட பலகைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' 4 அங்குலத் துண்டாக அறுத்த பிறகு முழு ஷீட்டில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை பெரும்பாலும் அந்தத் துண்டில் இருக்காது. பலகை போனால் சாட்சி போச்சு. அதே 2019 சட்டத்தின் பிரிவு 38-ன்படி ஆணையம் மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் அனுப்புவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே.

கம்பெனிக்கு எழுத்தில் தேதி கொடுத்து, அவர்கள் ஆள் முன்னிலையில் ஒரு துண்டை மட்டும் கழற்றுங்கள். வராவிட்டால் பக்கத்து வீட்டார் இருவரை வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கிளிப் போட்டிருந்தால் இழுத்தால் வந்துவிடும். ஆணியும் சிலிக்கானும் போட்டு ஒட்டியிருந்தால் உடையும். உடைந்த துண்டுகளையும் பையில் கட்டி வையுங்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். என் கணக்கில் முழு வழக்கும் இதில்தான் இருக்கிறது. ஸ்கர்டிங் மொத்த கிச்சனில் மிகக் குறைந்த விலை. அதில் ஏமாற்றியவர்கள் கேபினட் பெட்டியில் என்ன போட்டிருக்கிறார்கள்? சிங்க்குக் கீழே குழாய் போக ஓட்டை போட்ட இடத்தில் அறுத்த விளிம்பு மூடாமல் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

அங்கே பிளைவுட்தான் என்றால் சமாதானமாகப் போங்கள். வழக்கு வேண்டாம். பலகை ஸ்கர்டிங்கே உங்கள் வீட்டுக்கு வேண்டாம், வாராவாரம் தரை கழுவுகிறீர்கள். அலுமினியம் அல்லது பிவிசி, அடியில் ரப்பர் பட்டையோடு, கால்களில் கிளிப் மாட்டிப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். கழற்றித் துடைத்து மாட்டலாம், கரப்பானும் தங்காது. வேலை முடிந்த அன்றே 25,000 பாக்கியைக் கொடுப்பதாக எழுதுங்கள். எதற்காக நிறுத்தி வைத்தீர்கள் என்று இன்றே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாக்கி கொடுக்க மனமில்லாமல் புகாரைக் கிளப்பினார் என்று திருப்புவார்கள்.

வேலை முடித்த ஆள் ஒரு தாளை நீட்டுவார். அதில் 'கிச்சன் சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'ஸ்கர்டிங் மாற்றப்பட்டது' என்று மட்டும் உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். அந்த 'கோரிக்கை இல்லை' வரியால் பெட்டிக்கான வழக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியும் தூள் பலகைதான் என்றால் சமாதானப் பேச்சு வேண்டாம். சென்னையில் உங்கள் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம், பொருத்திய தேதியிலிருந்தே எண்ணி 2027 ஜனவரிக்குள் போட்டுவிடுங்கள். 'அடுத்த வாரம் ஆள் அனுப்புறோம்' என்று வாட்ஸ்அப்பில் அவர்கள் எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கெடு நீளாது.