கிட்னி ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம் தாங்கும்?

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு டயாலிசிஸ் ஓடுகிறது, மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்காக மதுரையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். "திடீர்னு கூப்பிட்டா நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுப் போயிடாதா? ஐஸ்ல போட்ட மீனே நாலு நாள்ல தொளதொளன்னு ஆகுதே!"

கெடாது தம்பி. மண்டபத்திலிருந்து மதுரை 150 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். இதயம் என்றால் நாலைந்து மணி நேரக் கணக்கு, கிட்னி 24 மணி நேரம் வரை நன்றாகவே தாங்கும், அதைத் தாண்டியும் பொருத்திய கிட்னிகள் உண்டு. ஆனாலும் சீக்கிரம் பொருத்துவதுதான் நல்லது.

மீன் கணக்கு இங்கே பொருந்தாது. மீனை ஐஸ் மேலேயே அடுக்குகிறோம், அது செத்த மீன். கிட்னியை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதனால் ஐஸ் நேரடியாகப் படவே கூடாது, பட்ட இடம் உறைந்தால் செல்கள் உடைந்துவிடும். எடுக்கும்போதே ரத்தக்குழாய் வழியாகக் குளிர்ந்த திரவத்தை ஓட்டி உள்ளேயிருக்கும் ரத்தத்தை வெளியேற்றுவார்கள், சிவந்திருந்த கிட்னி வெளுத்துப் போகும். அப்புறம் அதே திரவம் உள்ள பையில் போட்டு, அதை இன்னும் இரண்டு பைகளுக்குள் வைத்துக் கட்டி, பிறகுதான் ஐஸ் பெட்டி. 4 டிகிரிக்குப் பக்கத்தில் செல்லின் வேலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஆக்ஸிஜன் இல்லாமலும் சமாளிக்கும்.

சரி, வெறும் உப்புத் தண்ணீர் போதாதா? போதாது. உப்பிலுள்ள சோடியத்தைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் பம்ப் குளிரில் நின்றுபோகும், சோடியம் உள்ளே போக, பின்னாலேயே தண்ணீரும் போய் செல் ஊதிவிடும். அதைத் தடுக்கத்தான் தனித் திரவம். பலரும் பயன்படுத்துவது 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது, செல்லுக்குள் இருப்பது போலவே அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு.

பொருத்திய அன்றே சிறுநீர் வரவில்லை என்று பதறாதீர்கள். குளிரில் கிடந்த கிட்னி விழித்துக்கொள்ளச் சில நாள், சில சமயம் ஓரிரு வாரம்கூட ஆகும், அதுவரை டயாலிசிஸ் தொடரும்.

உண்மையில் நேரம் வீணாவது போனில்தான். கூப்பிட்டதும் அண்ணனுக்குக் காய்ச்சல், புண் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். ரத்தம் ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். நீங்கள் கடலுக்குப் போகிற ஆள் என்றால் உங்கள் நம்பரை மட்டும் கொடுக்காதீர்கள், நடுக்கடலில் சிக்னல் ஏது? மதினி நம்பரையும் பக்கத்து வீட்டு நம்பரையும் சேர்த்துக் கொடுத்து வையுங்கள்.